வியாழக்கிழமை எண்ணிக்கை

சாலையோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் அட்டை, அட்டையில் கோடு போட்ட தாள், இடது கையில் அமுக்கினால் ஓர் எண் கூடுகிற சின்னக் கருவி. புனேயின் குளிர்காலம். காதைச் சுற்றி மஃப்ளர், சாலையோர டீக்கடை டப்ரிக்காரர் கொண்டுவந்து கொடுத்த தேநீரில் இஞ்சி தூக்கலாக இருந்தது.

போபோடி வழியாகத் தேஹு ரோடு பக்கம் போகிற பழைய நெடுஞ்சாலை. எங்கள் குழுவில் நான்கு பேர். மற்ற மூவரும் வண்டிகளை எண்ண, நான் ஆட்களை எண்ண வேண்டும். சாலை நடுவே இருக்கும் டிவைடரில் ஓரிடத்தில் ஒரு திறப்பு உண்டு. இந்தப் பக்கம் குடியிருப்புச் சந்துகள், அந்தப் பக்கம் பட்டறைகள். அந்தத் திறப்பு வழியாக எத்தனை பேர் நடந்து கடக்கிறார்கள் என்பதுதான் என் கணக்கு.

ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை விரல் வலிக்கவே இல்லை. பால் பாக்கெட் கூடையோடு ஒருவர் போனார். பூ வாங்க ஓர் அம்மாள் போய்த் திரும்பினார். இரண்டு நாய்கள் கடந்தன, நாயை எண்ணக் கூடாது.

‘அப்பாடா, சுலபமான இடம்’ என்று நினைத்துக்கொண்டேன். பாதி ஆயுளைச் சாலை எண்ணியே பிழைத்தவள், அப்படி நினைத்தேன். இப்போது ஞாபகம் வந்தாலும் என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

தம்பி, எண்ணுகிறோம்

போன வாரம், ஹடப்சரில் என் வீட்டுக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே ஒரு மணி நேரம் ஆட்டோவில் உட்கார்ந்திருந்த கதையை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே ஐ.டி. கம்பெனியில் இருக்கும் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ‘மேடம், இந்த டிராஃபிக்கைக் குறைக்கவே முடியாதா? உங்களை மாதிரி திட்டம் போடுறவங்க எல்லாம் என்னதான் செய்றீங்க?’

எண்ணுகிறோம், தம்பி. அதுதான் செய்கிறோம்.

ஒரு சாலையைச் சரிசெய்ய வேண்டுமென்றால் முதலில் அதில் என்ன போகிறது என்று தெரிய வேண்டும். மழையில்லாத மாதமாகப் பார்த்து, பண்டிகை இல்லாத வாரமாகப் பார்த்து, வாரத்தின் நடுவில் ஒரு நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திங்கள் கூடாது, எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். வெள்ளி கூடாது, சாயங்காலம் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். சனி, ஞாயிறு பேச்சே இல்லை. செவ்வாய், புதன், வியாழன். இது பாடப்புத்தகம் சொன்னது. நானும் அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

எண்ணியதையெல்லாம் பிறகு காராக மாற்றுவோம். ஸ்கூட்டர் அரை கார். பஸ் மூன்று கார். உள்ளே எத்தனை பேர் தொங்கிக்கொண்டு போனாலும் பஸ் மூன்று கார்தான். சைக்கிளுக்கும் மாட்டுவண்டிக்கும்கூட அந்தப் பட்டியலில் ஒரு மதிப்பு உண்டு. நடந்து போகிறவருக்கு மட்டும் இல்லை. அவரைத் தனித் தாளில் எண்ணுவோம், அறிக்கையின் கடைசியில் சேர்ப்போம். அதுவரை யாரும் படிப்பதில்லை.

இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அலுப்புதான் வருகிறது. கோபப்பட்ட காலமெல்லாம் போய்விட்டது.

எங்கள் வீட்டு ஞாயிறு

இங்கே என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் பிழைக்க வந்தவர்கள் நாங்கள். போபோடியில், ஒருவர் குடையை விரித்தால் இன்னொருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்தில் வீடு. அப்பா லேத் ஓட்டுபவர். அந்த நெடுஞ்சாலையின் மறுபக்கத்துப் பட்டறை ஒன்றில்தான் முடி நரைக்கும் வரை வேலை பார்த்தார்.

அப்பாவுக்கு வியாழக்கிழமைதான் ‘சுட்டி’. இந்த ஊரில் விடுமுறைக்கு அதுதான் பெயர். எல்லா ஆலைகளும் ஒரே நாளில் மூடினால் மின்சாரம் ஒரு நாள் வீணாகி மறுநாள் போதாமல் போகுமாம். அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு கிழமையைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக்கு வந்தது வியாழன்.

ஆகவே எங்கள் வீட்டில் வியாழன்தான் ஞாயிறு. அன்றைக்குத்தான் அப்பா பத்து மணிக்கு முகச்சவரம் செய்வார். அன்றைக்குத்தான் கறிக்குழம்பு.

அதில்தான் சங்கடமே. அக்கம்பக்கத்து மராட்டியக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு வியாழன் விரத நாள், குருவார். அவர்கள் வீட்டில் ஊதுபத்தி மணக்கும்போது எங்கள் வீட்டில் மசாலா வதங்கும். அம்மா ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணியைச் சொருகி, குற்றவாளி மாதிரி குழம்பைக் கிண்டுவாள். எதிர் வீட்டு அம்மாள் சாயங்காலம் வந்து, “ஆஜ் பி?” என்று மட்டும் கேட்பார். இன்றைக்குமா என்று அர்த்தம். அம்மா அசட்டுச் சிரிப்புச் சிரிப்பாள்.

அப்பாவுக்குக் கவலையே கிடையாது. “இன்னிக்கு எங்கூட்ல மட்டன்!” என்று சந்து முனை வரை போய்ச் சொல்லிவிட்டு வருவார். அவர் வாயில் எதுவும் தங்காது. என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் எனக்குத் தெரிவதற்கு முன்பே சலூன்காரருக்குத் தெரிந்திருந்தது.

படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணமாகி ஹடப்சரில் ஃபிளாட்டுக்கு வந்தேன். சனி, ஞாயிறு விடுமுறைக்காரியாக மாறினேன். வியாழக்கிழமை என் தலையிலிருந்து எப்போது கழன்று விழுந்தது என்று எனக்கே தெரியவில்லை.

கைதட்டல்

மாநகராட்சிக்கு அறிக்கை எழுதினோம். திறப்பைப் பெரும்பாலும் யாரும் பயன்படுத்துவதில்லை, அதில் திரும்புகிற ஒன்றிரண்டு வண்டிகள்தான் பின்னால் வருகிற மொத்தக் கூட்டத்தையும் நிறுத்துகின்றன, ஆகவே மூடிவிடலாம். பஸ் ஸ்டாப்பை அடுத்த சிக்னலைத் தாண்டித் தள்ளி வைக்கலாம். நேராகப் போகும் வண்டிகளுக்குப் பச்சை விளக்கு நேரத்தைக் கூட்டலாம்.

ஹோலி முடிந்த வாரம் கான்கிரீட் கட்டைகளை வைத்துத் திறப்பை அடைத்தார்கள். இடுப்புயரக் கட்டைகள். நிஜமாகவே வண்டிகள் நகர ஆரம்பித்தன. கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார்கள். எங்கள் நிறுவனத்தை நடத்தும் ஜோஷி சார், “புவனாஜி, க்யா பாத் ஹை!” என்றார். பிரமாதம் என்று அர்த்தம். பாராட்டுக்கு மயங்காதவள் என்று பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்கு இந்த ஊர்ப் பலகாரமான பாக்கர்வடி ஒரு பெட்டி வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

அப்பா சிரித்தார்

கோடையில் ஒரு சாயங்காலம் அப்பாவைப் பார்க்கப் போபோடிக்குப் போனேன். அம்மா போன பிறகு அவர் தனியாகத்தான் இருக்கிறார். முட்டி வலி, வாசற்படியைத் தாண்டுவதே பெரும்பாடு. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

மூன்றாவது வீட்டு மீனாக்கா அவருக்கு ரசம் கொண்டுவந்திருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். என் தாவணியில் முதல் பின் குத்திவிட்டவர். புருஷன் போன பிறகு, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பேக்கிங் யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே சம்பளத்தில் இரண்டு பெண்களைக் கரையேற்றியவர்.

அவர் புடவையின் கீழ்க் கரை கிழிந்து தொங்கியது.

“இன்னாக்கா இது?” என்றேன்.

“அந்த டிவைடர் தான். எந்தப் புண்ணியவானோ வழிய அடச்சிட்டான். சுத்திகினு போனா அரை மணி நேரம். யூனிட்ல எட்டு மணிக்கு கேட்ட மூடிடறான், ஒரு நிமிஷம் லேட்னாலும் திருப்பி அனுப்பிடறான். வயசானவள எப்படா கழட்டலாம்னு பாத்துகினு இருக்கான். அதான் எல்லாரும் கட்ட மேல ஏறிக் குதிக்கிறோம். இந்த வயசுல எனக்கு ஹைஜம்ப்பு!”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் கையில் இருந்த டம்ளர் கனத்தது.

“எல்லாரும்னா, எத்தினி பேருக்கா?”

“எத்தினி பேரா? மொத்த பேட்டையும் தான். காலீல போய்ப் பாரேன், திருவிழா மாதிரி இருக்கும்.”

அவர் போனதும் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். நாங்கள் உட்கார்ந்து எண்ணினோம், யாருமே கடக்கவில்லை, அதை நம்பித்தான் மூடச் சொன்னோம் என்று.

“என்னிக்கு எண்ணின?”

“ஒரு வியாழக்கெழம.”

அப்பா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சிரித்தார். இருமல் வரும் வரை சிரித்தார்.

“வியாழக்கெழமையா! அட எம்பொண்ணே! அன்னிக்கு நானே பத்து மணிக்குத் தானே எழுந்து ஷேவிங் பண்ணுவேன்! அந்த ரோட்ல அன்னிக்கு எவன் இருப்பான்?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நாக்பூரிலிருந்து வந்தவனோ நாசிக்கிலிருந்து வந்தவனோ இந்தத் தப்பைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். வியாழக்கிழமைக் கறியில் வளர்ந்தவள் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை

அடுத்த செவ்வாய் விடிந்ததும் தனியாகப் போனேன். அதே நாற்காலி, அதே அட்டை.

ஏழு மணிக்கு ஆரம்பித்தது. சாப்பாட்டு டப்பாப் பையைத் தோளில் மாட்டிய பெண்கள், கையைப் பிடித்துக்கொண்டு நான்கைந்து பேராக. ஒருத்தி கட்டை மேல் ஏறி உட்கார்ந்து, காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, பின்னால் இருப்பவளுக்குக் கை கொடுப்பாள். பச்சை நேரத்தைக் கூட்டியது நான்தானே. வண்டிகள் நிற்காமல் பறந்தன. முதல் தாள் கால் மணி நேரத்தில் நிறைந்துவிட்டது. கட்டைவிரல் மரத்துப்போனது.

மீனாக்கா வந்தார். கட்டை மேல் ஏறும்போது என்னைப் பார்த்துவிட்டார்.

“இன்னா புவனா, எண்ணிகினு கீறியா?”

“ஆமாக்கா.”

“என்னையும் சேத்துக்கோ” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் குதித்தார்.

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அக்கா, அந்தப் புண்ணியவான் நான்தான் என்று. சொல்லவில்லை. கருவியை ஒருமுறை அமுக்கினேன், அவ்வளவுதான்.

மழையில் தோண்டக் கூடாது

ஜோஷி சார் நல்ல மனிதர். தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நாங்கள் பேசிக்கொள்வது இந்தியில்.

“அறிக்கை போய்ச் சேர்ந்து, வேலையும் முடிந்துவிட்டது. இப்போது எண்ணிக்கையே தப்பு என்றால் நாளைக்கு யார் நம்மைக் கூப்பிடுவார்கள்?”

“தப்பு என்னுடையது என்று எழுதுகிறேன் சார். என் பெயரைப் போட்டு.”

“பெயரைப் போட்டால்?”

“அடுத்த வேலையில் என்னை எண்ண அனுப்ப மாட்டீர்கள். பரவாயில்லை.”

அவர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சை நான் அறிவேன். சம்மதம் என்று அர்த்தம். கடிதம் எழுதினேன். திறப்பை மீண்டும் திறந்துவிட வேண்டும், நடப்பவர்களுக்கென்று தனி சிக்னல் வைக்க வேண்டும், பஸ் ஸ்டாப்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

கடிதம் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போனது. மூடுவதற்கு ஒரு கையெழுத்துப் போதுமாக இருந்தது. திறப்பதற்கு எத்தனை என்று கேட்காதீர்கள். எல்லாம் முடிந்தபோது வானம் கறுத்துவிட்டது. மழைக்காலத்தில் சாலையைத் தோண்டக் கூடாது என்பது இந்த ஊர் விதி. நல்ல விதிதான். வாரா வாரம் போய்க் கேட்டேன். வாரா வாரம் அதையே சொன்னார்கள்.

ஆடியில் ஒரு காலை அப்பா போன் செய்தார். எப்போதும் கத்திப் பேசுபவர், அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

“மீனா வழுக்கி வுழுந்துட்டாம்மா. கட்ட மேலேர்ந்து. கணுக்கால் போச்சு.”

வண்டி எதுவும் மேலே ஏறவில்லை. அந்த மட்டும் கடவுள் காப்பாற்றினார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். மருத்துவமனையில் அவர் காலில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றும் சொல்லவில்லை. யூனிட்டில் அவர் இடத்துக்கு வேறொருத்தியை எடுத்துவிட்டார்கள் என்று அவர்தான் என்னிடம் சொன்னார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆட்டோவில் அழுதேன். போக்குவரத்து நெரிசலில் ஒரு வசதி இருக்கிறது. அழுது முடிக்கத் தாராளமாக நேரம் கிடைக்கும்.

நடுவில்

தீபாவளி கழித்துத் திறப்பைத் திறந்தார்கள். வரிக்கோடு போட்டார்கள், நடக்கும் ஆள் படம் போட்ட சிக்னல் வைத்தார்கள். யாரும் கை தட்டவில்லை. அது நியாயம்தான்.

மீனாக்கா கைத்தடியோடு நடக்க ஆரம்பித்திருந்தார். “அத எனக்குக் காட்டு” என்றார்.

“இன்னாத்துக்குக்கா? அந்தப் பக்கம் இப்ப உனக்கு வேல இல்லியே.”

“வேல இல்லன்னா ரஸ்தா என்னுது இல்லியா? ஒரு வாட்டி மனுஷி மாதிரி நடந்து போய்ட்டு வரேன்.”

அவருக்குத் தோதாகக் கூட்டமில்லாத நாள் வேண்டும். வியாழக்கிழமை அழைத்துப் போனேன்.

பட்டறைகள் மூடிக் கிடந்தன. எங்களைத் தவிர யாரும் இல்லை. பச்சை ஆள் எரிந்தான். எங்கள் இரண்டு பேருக்காக மொத்த நெடுஞ்சாலையும் நின்றது. ஹாரன் அடித்தார்கள். மீனாக்கா தலையை நிமிர்த்திக்கொண்டு, தடியை ஊன்றி, ஊன்றி நடந்தார்.

பாதிதான் வந்திருப்போம். ஆள் சிவப்பானான். அவர் கையைப் பிடித்து அந்தத் திறப்புக்குள் இழுத்துக்கொண்டேன். முன்னாலும் பின்னாலும் வண்டிகள் பாய்ந்தன.

அந்த விநாடிகளைக் கணக்குப் போட்டதும் நான்தான். புத்தகத்தில் ஒரு நடை வேகம் உண்டு. சாலையின் அகலத்தை அதால் வகுத்தால் விடை வரும். உடைந்த கணுக்காலுக்கு என்ன வேகம் என்று புத்தகத்தில் இல்லை. நானும் யோசிக்கவில்லை.

“எத்தினி செகண்டு வெச்ச?” என்றார்.

“பத்தலக்கா. தப்பு என்னுது.” ஒரு லாரி போகும் வரை காத்திருந்தேன். அதற்கு மேல் தாங்கவில்லை. “அக்கா, இந்த வழிய மூடச் சொன்னதே நான்தான்.”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. எதிரே சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியும். உங்கப்பா அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டாரு.”

அன்றைக்கு ராத்திரியே. அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை கட்டை மேல் ஏறி, என்னையும் சேர்த்துக்கொள் என்று சொன்னபோது அவருக்குத் தெரியும். ஆரஞ்சுப் பழத்தை வாங்கிக்கொண்டபோதும் தெரியும்.

“ஏங்கா ஒரு வார்த்த கேக்கல?”

“நீயா சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்.”

“கோவமாக்கா?”

“இருந்துச்சு. கால் வலிக்கிறப்பல்லாம் இன்னும் வருது.” பிறகு என் முழங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். “பச்ச வந்துடுச்சு. வா.”

தடி, கால், தடி, கால். நான் வாய்க்குள் விநாடிகளை எண்ணிக்கொண்டே நடந்தேன். மீதிப் பாதிக்கு நேரம் போதுமாக இருந்தது. அக்கரை நடைபாதையில் ஏறியதும் அவர் திரும்பி, கடந்து வந்த சாலையை ஒருமுறை பார்த்தார்.

“நாளைக்கு ஆபீஸ் போய் எழுது,” என்றார். “இன்னொரு மடங்கு செகண்டு வேணும்னு எழுது. யார் கேட்டான்னு கேட்டா, மீனான்னு என் பேரப் போடு.”

மறுநாள் எழுதினேன். அவர் பெயரைப் போட்டேன். அந்தக் கடிதம் இப்போது இரண்டாவது மேஜையில் இருக்கிறது.